ரெகே மாப்பிள்ளை

பாட்டு முடியாமல் பெசமினோ பஸ்ஸை விட்டு இறங்கமாட்டார். வீடு வந்திருக்கும். மனைவி லூப்பே வாசலில் நின்று கூடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியிருப்பாள். டிரைவர் வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியில் பார்ப்பார். இவரோ கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து கழன்றுவிடும்போலத் தலையை ஆட்டியபடி, "இருப்பா, இருப்பா, இப்பத்தான் பேஸ் கிடார் உள்ள வருது" என்பார். பஸ் போய்விடும். எங்கள் ஊர் டிரைவர்கள் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. அடுத்த பாட்டும் இவருக்குப் பிடித்ததாகவே இருந்து தொலைக்கும். ரெகே இசையில் இவருக்குப் பிடிக்காத பாட்டு இனிமேல்தான் பிறக்க வேண்டும். கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் தலைநகர் ஆப்பியாவின் சந்தைக்குத் திரும்பி, மறுபடி ஏறி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் அது லூப்பே செய்த புண்ணியம்.

"மனுஷன் வர்றதுக்குள்ள கூடையில சேப்பங்கிழங்கு முளைவிட்டுடுது" என்பாள் அவள்.

சவாயித் தீவில் இவர் பிறந்த ஊருக்கு அந்தக் காலத்தில் ஒரே பஸ். அதில் ஒரே கேசட். பஸ் ஊரைக் கடக்கிற நேரத்துக்குள் பாட்டில் பாதிதான் காதில் விழும். மீதியைக் கேட்கப் பொடியன் பெசமினோ வண்டிக்குப் பின்னால் ஓடுவானாம். "ஓடி ஓடிப் பார்த்தேன் தங்கச்சி. வளைவுல திரும்பினதும் போச்சு. அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு மீசை முளைக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப உள்ள உட்கார்ந்திருக்கேன். முடியாம நான் ஏன் இறங்கணும்?"

தங்கச்சி என்று அவர் சொல்வது என்னை. என் பெயர் ரூட்டா. வானொலி நிலையத்தில் சாவு அறிவிப்பு வாசிப்பவள். ஒலிப்பெட்டியில் பொத்தான்களை ஏற்றி இறக்குபவளும் நானே, சின்ன நிலையம். பல வருடங்களாக அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வலது காது பாதி மந்தமாகிவிட்டது. அந்தக் கோபமும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்த்தால் ரெகேக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரெகே பாடகர்களின் சடைமுடிக்கு ஆசைப்பட்ட தலையில் முடியே இல்லை. உள்ளங்கை மாதிரி வழுக்கை. அதை மறைக்க ரெகேக்காரர்களின் சிவப்பு, மஞ்சள், பச்சை நூலில் ஒரு குல்லாய் பின்னித் தரும்படி லூப்பேயிடம் கேட்டார். மஞ்சள் நூல் கடையில் தீர்ந்துபோயிருந்தது. ரோஜா நிறத்தை வைத்துப் பின்னிவிட்டாள். "யாரு பார்க்கப் போறாங்க?" என்றாளாம். அந்தக் குல்லாயைத்தான் இன்றும் போடுகிறார். புகை பிடிப்பதில்லை, பீர் தொடுவதில்லை. சூடான கோகோவில் பன்னை முக்கித் தின்பதுதான் அவருடைய ஒரே போதை. ஒன்பது மணிக்கு மேல் கண் சொக்கிவிடும்.

பஸ்ஸில் இடமில்லாவிட்டால் அடுத்தவர் மடியில் உட்காருவது எங்கள் வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது. ஆனால் பெசமினோவுக்கு மடி கொடுக்கவும் ஆளில்லை, அவர் மடியில் உட்காரவும் ஆளில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அவருடைய முழங்கால்கள் தாளம் போடத் தொடங்கிவிடும். பொய்ப்பல் கட்டிய ஒரு பெரியவர் அவர் மடியில் அரை மணி நேரம் வந்துவிட்டு, "இறங்கும்போது வாயில பல்லு இருக்கான்னு தடவிப் பார்த்துக்கிட்டேன்" என்று சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தாளம் என்றதும் சொல்ல வேண்டும். உலகத்தில் எல்லோரும் காலை ஊன்றுகிற இடத்தில் கை தட்டுவார்கள். பெசமினோ காலைத் தூக்குகிற இடத்தில் தட்டுவார். "எல்லாரும் போற வழியில கூட்டமா இருக்கும் தங்கச்சி. நடுவுல பாரு, எவ்வளவு இடம் காலியாக் கிடக்கு! ரெகே அங்கதான் வீடு கட்டியிருக்கு." ரெகேக்காரருக்கு அது சரி. தேவாலயப் பாடகர் குழுவில் என்ன செய்வது? வெள்ளைச் சட்டை, வெள்ளை லாவலாவா வேட்டி கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் நின்ற இவர் ஒருவர் தட்டிய தட்டில் மொத்தக் குழுவும் தடுமாறி, பெண்கள் பக்கம் ஒரு வரியிலும் ஆண்கள் பக்கம் அடுத்த வரியிலும் போய் நின்றது. போதகர் நல்ல மனிதர். ஆராதனை முடிந்ததும் தோளில் கை போட்டு, "பெசா, கர்த்தர் முதல் அடியிலதாம்பா இருக்காரு. நீ வேற எங்கேயோ தேடுற" என்று சொல்லி, கதவருகே நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். அந்த வேலையையும் கையைக் குலுக்கித் தாளம் போட்டே செய்கிறார்.

இவர் வீட்டோடு மாப்பிள்ளை. சவாயியிலிருந்து லூப்பேயைத் தேடி வந்து, அவளுடைய ஊரான ஃபாலெமலாமாவிலேயே தங்கிவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளைக்கு எங்கே என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊரிலும் அதே கதைதான். கல்லைச் சூடேற்றிச் சமைக்கிற கல்லடுப்பை மூட்டுவது, பன்றிக்குத் தேங்காய் உடைத்துப் போடுவது, விருந்தில் மற்றவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தில் உட்காருவது. குடும்பத் தலைவர் பட்டம் கிடையாது, ஊர்ச்சபையில் வாய் திறக்கவும் முடியாது. நாடு முழுக்க வானொலியில் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், குடியிருக்கிற ஊரில் வாயில்லாப் பூச்சி. அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த ஊர் நடுவில், தேவாலயத்துக்கும் தலைவர் வீட்டுக்கும் எதிரே விரிந்து கிடக்கிற பெரிய புல்மைதானத்தில், ஒரு நாளாவது ரெகே முழங்க வேண்டும். ஊரே உட்கார்ந்து கேட்க வேண்டும். "ஒரு நாள் போதும். அப்புறம் சாகிற வரைக்கும் மிச்சச் சோறே தின்னுக்கிறேன்" என்பார்.

வானொலிக்கு அவர் வந்ததே பஸ் வழியாகத்தான். நாளெல்லாம் பஸ்ஸிலேயே கிடக்கிற ஆள் என்று டிரைவர்கள் அவரிடம் கேசட் பதிவு செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தார். சும்மா கொடுத்தாரா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தானே புகுந்து பேசிவைத்தார். "ஏ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அக்கா, கூந்தலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கோ, பின்னால இருக்கிறவர் அதைத்தான் தின்னுக்கிட்டு வர்றாரு." ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஓர் அக்கா திடுக்கிட்டுக் கூந்தலை இழுத்துக்கொண்டாள். எங்கள் நிலைய மேலாளரின் மனைவியும் ஒரு நாள் இழுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே பெசமினோவுக்கு வேலை.

வந்த முதல் நாளே என்னை மாட்டிவிடப் பார்த்தார். நான் குரலைத் தாழ்த்தி, துயரத்தோடு, ஒரு முதியவரின் சாவு அறிவிப்பை வாசித்து முடித்தேன். சட்டப்படி அதன்பின் ஒரு ஞானப்பாட்டு போட வேண்டும். இவர் ஒரு துள்ளல் ரெகேயைத் தட்டிவிட்டார். சாயங்காலம் ஒரு லாரி நிறையச் செத்தவரின் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மேலாளர் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் தடியானவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "அப்பாவுக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நாளைக்கும் போடுவீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெசமினோவுக்கு ஒன்றும் தெரியாது. ஞானப்பாட்டுத் தட்டு எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதலில் போதகருக்குப் போன், அடுத்து எங்களுக்கு: "பெசாகிட்டக் கேளுங்க, எங்க சித்தப்பாவுக்கு எந்தப் பாட்டு பொருந்தும்?"

அவருக்கு ஒரு பயம் உண்டு. அமைதி. ஒலிபரப்பில் ஒரு நொடி சத்தம் நின்றால் முகம் வெளிறிவிடும். பாட்டு தேடக் குனிகிறபோதும் ஏதாவது பேசிக்கொண்டே குனிவார். பேச்சு கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிற என்னை வர்ணிப்பார். "ரூட்டா இன்னைக்கு நீலப் பூப்போட்ட சட்டை போட்டிருக்கா, மேல் பட்டன் ஒண்ணு அறுந்திருக்கு." இதைத் தீவு முழுக்கக் கேட்பார்கள். என் மாமியார் உட்பட.

பேச்சு பத்தாதென்று எழுதவும் ஆரம்பித்தார். ஒரு வாரப் பத்திரிகையில் ரெகே பற்றிப் பத்தி எழுதக் கேட்டார்கள். எழுத வேண்டிய கச்சேரி ஊரில் நடந்தால்தானே? நடக்கவில்லை. எனவே பஸ்களுக்கு விமரிசனம் எழுதினார். எந்த வழித்தடத்து வண்டியில் பேஸ் நெஞ்சில் இறங்குகிறது, எந்த வண்டியில் எந்த இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரும் சமமாகக் கேட்கும், எந்த டிரைவர் மேட்டில் ஏறும்போது பாட்டைக் குறைக்கிற பாவி. அவர் எழுத்தில் முற்றுப்புள்ளியே இருக்காது. ஆசிரியர் கேட்டதற்கு, "பாட்டை நடுவுல நிறுத்துவீங்களா?" என்றார். பத்தி பிரபலமாகிவிட்டது. திட்டு வாங்கிய டிரைவர்கள் புது ஸ்பீக்கர் மாட்டினார்கள். ஃபிலிப்போ என்ற டிரைவர் ஒரு படி மேலே போய், என்ஜினை நிறுத்தினாலும் பாட்டு நிற்காதபடி தனியாக ஒரு பெரிய பேட்டரியே வைத்துவிட்டான். அடுத்த வாரம் அவனை ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்து எழுதியிருந்தார்.

பிறகுதான் கச்சேரி நடத்தும் பைத்தியம் பிடித்தது. முதல் கச்சேரிக்கு ஊர் ஊராகப் போய்த் தேங்காய் மரங்களில் சுவரொட்டி ஒட்டினார். பசை வாங்குவானேன் என்று கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒட்டினார். மரத்தில் தாழ்வாக ஒட்டிய கஞ்சியையெல்லாம் விடிவதற்குள் ஊர்ப் பன்றிகள் சுவரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிட்டன. கச்சேரிக்கு வந்தவர்கள் பாடகர்களின் வீட்டார் மட்டும். "பன்னிங்க எல்லாருக்கும் விஷயம் தெரியும், மனுஷங்களுக்குத்தான் தெரியல" என்று அவரே மேடையில் அறிவித்தார்.

ஆனால் ஃபாலெமலாமா மைதானத்தை அவர் விடவில்லை. ஊர்ச்சபையின் தலைவர் துயிசிலா, லூப்பேயின் பெரியப்பா. பெரிய உடம்பு, சின்னக் குரல். சிரித்ததை நான் பார்த்ததில்லை. லூப்பே இரண்டு முறை போய்க் கேட்டாள், இரண்டு முறையும் இல்லையென்றார். மூன்றாம் முறை வறுத்த பன்றியோடு போனாள். துயிசிலா சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, பெசமினோவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்பிள்ளை, சாயங்காலம் ஜெபச் சங்கு ஊதுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியுங்க ஐயா."

"முதல் சங்குல இருந்து முடிவுச் சங்கு வரைக்கும் இந்த ஊருல ஒரு சத்தம் இருக்கக் கூடாது. ஒருத்தன் நடக்கக் கூடாது. வெளியூர்க்காரன் வந்தாலும் அதேதான். ஒரு சத்தம் கேட்டுச்சு, அந்த நிமிஷமே மூட்டையைக் கட்டு. அப்புறம் என் காலத்துல இந்த மைதானத்துல பாட்டு கிடையாது."

"கொசு கூடச் சத்தம் போடாதுங்க ஐயா."

"கொசுவைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. உன்னைப் பத்தித்தான்" என்றார் துயிசிலா.

பெசமினோவின் ஆட்டம் சொல்லி முடியாது. ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பையன்களின் ரெகே குழு ஒன்று இருக்கிறது. அவர்களுடைய முதல் பாட்டை இந்தத் தீவில் முதலில் ஒலிபரப்பியவர் இவர். நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவர்களை வரவழைத்தார். பகலில் உள்ளூர்க் குழுக்கள், சங்கு ஊதியதும் எல்லாம் நிறுத்தம், முடிவுச் சங்குக்குப் பிறகு ஆக்லாந்துப் பையன்கள். வாரக்கணக்கில் வானொலியில் சங்கு புராணம்தான். "சங்கு ஊதினா வாயைப் பொத்து! உனக்கு முடியலைன்னா பக்கத்துல இருக்கிறவனைப் பொத்தச் சொல்லு!" தானும் பயிற்சி எடுத்தார். தினமும் மாலையில் வீட்டில் வாயை மூடி உட்கார்ந்து பார்த்தார். "மூஞ்சி சிவந்து போகுது, எனக்கே பயமா இருக்கு" என்றாள் லூப்பே.

கச்சேரி சனிக்கிழமை. சனிக்கிழமை மாலை அவருடைய நிகழ்ச்சியும் உண்டு. அதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டோம். நடுவில், சரியாகச் சங்கு ஊதுகிற நேரத்தில் ஓர் அறிவிப்பு வேண்டும் என்று நின்றார்.

"அந்த நேரத்துல எதுக்கு அண்ணே? எல்லாரும் மைதானத்துல இருப்பாங்களே?"

"மைதானத்துக்கு வராம வீட்டுல இருக்கிறவங்க சத்தம் போட்டா? அவங்களுக்கும் சொல்ல வேணாமா?"

சரிதானே என்று நானும் பதிவு செய்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது.

சனிக்கிழமை மைதானம் கொள்ளவில்லை. சவாயியிலிருந்தெல்லாம் படகில் வந்திருந்தார்கள். அரிந்த மாங்காய், சுட்ட ஈரப்பலாக்காய், குழந்தைகள், நாய்கள். பஸ்கள் ஓரமாக வரிசையில் நின்றன. நான் ஒலிப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெசமினோ ரோஜா நிறம் கலந்த குல்லாயோடு மேடைக்கும் கூட்டத்துக்கும் பறந்துகொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் சுவரில்லாத தங்கள் வீடுகளில் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்து, பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கு ஊதியது. மேடை அந்த நொடியே நின்றது. அத்தனை ஆயிரம் பேரும் புல்லில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். சாலையில் லாவலாவா கட்டிய ஊர் இளைஞர்கள் காவலுக்கு நின்றார்கள். அப்படி ஓர் அமைதி. கடல் அலை கேட்டது. பெசமினோ என் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பெருமையில் நீர் கட்டியிருந்தது.

அப்போதுதான் கேட்டது: "சங்கு ஊதியாச்சு சனங்களே! மூச்!"

பெசமினோவின் குரல். தீவு அதிர. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பொத்திய வாய் பொத்தியபடிதான் இருக்கிறது. கண் மட்டும் பிதுங்குகிறது.

ஃபிலிப்போவின் பஸ். வானொலியைப் போட்டது போட்டபடி, அவன் மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற சுனையில் குளிக்கப் போயிருந்தான். மேடைச் சத்தத்தில் அது ஓடிக்கொண்டிருப்பது யார் காதிலும் விழவில்லை. எல்லாம் அடங்கியபோது அது எழுந்தது. என்ஜின் நின்றும் நிற்காத அந்தப் பெரிய பேட்டரி புண்ணியத்தில் பேஸ் வேறு பிரமாதமாக இருந்தது.

"ஒரு சத்தம் வரக் கூடாது! கொசு கடிச்சா அடிக்காதீங்க, தடவிக்குடுங்க! தும்மல் வந்தா முழுங்கிடுங்க!"

யாரும் எழுந்து போய் நிறுத்த முடியாது. ஜெப நேரத்தில் நடப்பதும் சத்தம் போடுவதைப் போலவே குற்றம். சுனையில் கழுத்தளவு நீரில் ஃபிலிப்போவும் அப்படியே நின்றிருந்தானாம். காவலுக்கு நின்ற இளைஞன் ஒருவன் பஸ்ஸைப் பார்த்தான், துயிசிலாவின் வீட்டைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

"துயிசிலா பெரியவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று பஸ் தொடர்ந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பதிவு செய்தவள் நானாயிற்றே. "கல்லடுப்புக் கல்லு மாதிரி மனுஷன். லேசுல சூடேற மாட்டாரு. ஆனா எம் பொண்டாட்டி ஊதுற ஊதுல எந்தக் கல்லு தாங்கும் சொல்லுங்க!"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கு வழியாக விட்டார்கள். அது பக்கத்து வரிசைக்குப் பரவியது. குனிந்த முதுகுகளெல்லாம் குலுங்கின. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அந்த மட்டும் சங்குச் சட்டத்தை மதித்தார்கள்.

"சரி, இப்ப எல்லாரும் சேர்ந்து அமைதியா இருப்போம்! அதுக்குத் தோதா ஒரு பாட்டு!"

டமார் என்று டிரம் இறங்கியது. ஜெபம் முடிகிற வரை பாட்டு ஓடியது. பெசமினோ நெற்றியைப் புல்லில் வைத்துவிட்டார்.

முடிவுச் சங்கு ஊதியதும் காவல் இளைஞன் ஓடிப்போய் வானொலியை நிறுத்தினான். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழவில்லை. துயிசிலாவின் வீட்டிலிருந்து ஒருவர் மெதுவாக நடந்து மேடைக்கு வந்தார். "மூட்டையைக் கட்டச் சொன்னாரு" என்றார். ஆக்லாந்துப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

எவ்வளவு காலம்! எத்தனை நாள் கல்லடுப்புப் புகையில் உட்கார்ந்து இந்த மைதானத்தைப் பார்த்துப் பேசியிருப்பார்! அவர் வாயே அதைக் கெடுத்துவிட்டது. பெசமினோ எழுந்தார். லூப்பேயிடம் போய், "பாயை எடு" என்றார்.

"எந்தப் பாய்?"

"அந்தப் பாய்."

லூப்பேயின் அம்மா நெய்த பாய் அது. துணி மாதிரி மெல்லியது, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர வெளியே வராது. இன்னொன்றுக்கும் வரும். ஒருவன் கொலை செய்துவிட்டால் அவன் குடும்பத் தலைவர் அந்த மாதிரிப் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, செத்தவர் வீட்டு வாசலில் போய் உட்காருவார். மன்னித்தால் அவர்களே வந்து பாயை விலக்குவார்கள். மன்னிக்காவிட்டால் கல்லோ கத்தியோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வானொலிச் சத்தத்துக்காக இதை யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெசமினோ செய்தார். அவருக்காகப் போர்த்திக்கொள்ள அந்த ஊரில் அவர் குடும்பத்துத் தலைவர் ஒருவருமில்லை. தனியாகப் போய், துயிசிலாவின் வாசலில், அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். குல்லாய் இருக்கும் இடத்தில் பாய் சிறிதாகப் புடைத்திருந்தது. அப்போதும் யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

துயிசிலா தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பாயை விலக்கினால் ஊர்ச் சட்டம் போச்சு. விலக்காவிட்டால் பாய் போர்த்தி வந்தவனைத் திருப்பியனுப்பிய பேர் காலத்துக்கும் நிற்கும். நேரம் போய்க்கொண்டிருந்தது. பெசமினோ வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கத்திலிருந்து இவ்வளவு நேரம் சத்தம் வராமல் நான் கேட்டதே இல்லை.

லூப்பே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள். "பெரியப்பா, அம்மா நெய்த பாய். கீழ புல்லு ஈரம். கல்லால அடிக்கிறதா இருந்தா பாயை எடுத்துட்டு அடிங்க."

துயிசிலாவின் வயிறு ஒரு தடவை குலுங்கியது. முகம் மட்டும் மாறவில்லை. சின்னக் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்பிள்ளை ஊர்ச்சபைக்கு டின் மீன் பெட்டி அபராதம் கட்டணும். எத்தனைன்னு திங்கட்கிழமை பேசிக்கலாம். பையன்களைப் பாடச் சொல்லு. பாவம், கடல் தாண்டி வந்திருக்காங்க." கூட்டம் ஓவென்று எழுந்தது. அவர் கையை உயர்த்தினார். "இன்னும் முடியல. சத்தம் போட்டவன் பாயை விட்டு வெளியே வரக் கூடாது. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நானே வந்து விலக்குறேன்."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. ஆசைப்பட்ட மைதானம், ஆசைப்பட்ட குழு, ஊரே உட்கார்ந்து கேட்கிறது. மேடைக்கு முதுகு காட்டி, பாய்க்குள்ளே அவர் மட்டும்.

பையன்கள் கம்பிகளை மறுபடி மாட்டினார்கள். டிரம்காரன் குச்சியைத் தட்டினான். பாட்டு தொடங்கியது, மைதானமே எழுந்து ஆடத் தொடங்கியது. பாய் அசையவில்லை. முதல் அடி போனது, இரண்டாவது போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயின் ஓரத்து இறகுகள் விலகின. ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கையை மேலே காட்டி, ஒலிப்பெட்டி இருந்த என் பக்கமாக நீண்டு, மெல்ல உயர்ந்தது. பேஸ் பத்தவில்லையாம். கூட்டினேன். கை உள்ளே போகவில்லை. இன்னும் கொஞ்சம் என்று மறுபடி உயர்ந்தது.